கோட்டை வாசலில் வானை நிறுத்துங்கள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், தம்பலகாமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பழைய மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



சங்கச் செயலாளர் எங்களிடம் கேட்டது சின்ன வேலைதான். வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகள் நாளையும் நாளை மறுநாளும் ஊர் பார்க்கப் போகிறார்கள், எங்கே போவது, எப்படிப் போவது என்று ஒரு கால் மணி நேரம் சொல்லுங்கள் என்றார். எங்களைக் கேட்டதில் ஒரு பகிடி இருக்கிறது. இந்த மேடையில் நிற்கும் நான்கு பேரில் ஒருவர்கூட இப்போது திருமலையில் இல்லை. ஒருத்தி கொழும்பில், ஒருத்தி மட்டக்களப்பில், இருவர் லண்டனில். எங்கள் ஊருக்கு நாங்களே விருந்தாளிகள். ஆனாலும் ஒவ்வொரு தடவை வரும்போதும் இரண்டு நாள் நடந்தே திரிவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அது எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்களோடு விடுதியில் ஒரே அறையில் இருந்த தோழி, ரொறன்ரோவிலிருந்து மகள், மருமகன், பேத்தி எல்லோரோடும் வந்தாள். குளிரூட்டிய வான் பிடித்து ஒரே நாளில் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, நிலாவெளிக் கடற்கரை மூன்றையும் முடித்தார்கள். இரவு நாங்கள் பார்க்கப் போனபோது பேத்தி போனில் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். எல்லாப் படத்திலும் அம்மம்மா வானுக்குப் பக்கத்தில் நிற்கிறா. கடைசியில் பிள்ளை கேட்டாள்: “அம்மம்மா, உங்கட வீடு எந்தப் படத்தில இருக்கு?”

எங்கள் தோழி ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அடுத்த நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு நாங்கள் அவர்களை எழுப்பி, வானை அனுப்பிவிட்டு, நடக்கத் தொடங்கினோம். இனிச் சொல்லப்போவதெல்லாம் அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டவை.

முதலாவது, நேரம். இங்கே ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும் என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம். அந்த வரண்ட காற்று எழும்புவதற்கு முன் நடை முடியவேண்டும். கோயில் மலையில் செருப்பைக் கழற்றிய பிறகு, பதினொரு மணிக்கு மேல் கல் சுடும். பேரப்பிள்ளைகள் ஒற்றைக் காலில் துள்ளுவார்கள், நீங்கள் சுவாமியைப் பாராமல் நிழலைத் தேடுவீர்கள். ஆகவே ஐந்தரைக்கெல்லாம் பத்திரகாளி அம்பாள் கோயிலடியில் நில்லுங்கள். கும்பிட்டுவிட்டு மைதானத்தின் ஓரமாகக் கடற்கரைப் பக்கம் நடவுங்கள்.

போகிற வழியில் ஒரு சின்ன விலகல். மைதானத்துக்குக் கிட்ட ஆங்கிலேயர் காலத்துப் பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடக் காலத்தில் பேய்க்குப் பயந்து ஓடிக் கடந்த இடம். அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களில் ஒருவர் சார்ள்ஸ் ஒஸ்ரின். கடற்படை அதிகாரி, 1852இல் பர்மாவில் வாந்திபேதியால் இறந்தவர். எங்களுக்கு உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியம் படிப்பித்த போது ஜேன் ஒஸ்ரினின் நாவலை வரிக்கு வரி விளக்கினார்கள். அந்த எழுத்தாளரின் தம்பி எங்கள் பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் உறங்குகிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் நாங்கள் ஓடியிருக்கமாட்டோம், அல்லது இன்னும் வேகமாக ஓடியிருப்போம்.

அடுத்தது கோட்டை வாசல். இங்கேதான் எங்கள் முக்கியமான வேண்டுகோள். வானோ ஓட்டோவோ எதுவானாலும் வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். வாகனம் மேலே கோயிலடி வரை போகும், சாரதியும் “ஏன் அம்மா கஷ்டப்படுறீங்கள்?” என்று கேட்பார். அவருக்கு ஒரு தேநீருக்குக் காசு கொடுத்து இருக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் வாகனத்தில் போகிறவர்கள் பார்க்காமல் கடந்துவிடும் மிகப் பெரிய விடயம் அந்த வாசலிலேயே இருக்கிறது. வாசல் நிலைக்கல்லில் இரட்டைக் கயல் செதுக்கிய கல்லையும், தேய்ந்துபோன தமிழ் எழுத்துக்களையும் தேடிப் பாருங்கள். கண் பழகச் சற்று நேரம் எடுக்கும். குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்று முன்கூட்டியே சொல்வதாக அந்தச் சாசனத்தை வாசித்திருக்கிறார்கள். உண்மையில் எப்போது வெட்டப்பட்டது என்ற வாதத்தை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். எங்களுக்குத் தெரியவேண்டியது, அது கோட்டைக்காக வெட்டிய கல் அல்ல என்பது.

1620களில் போர்த்துக்கேயர் இந்த மலையிலிருந்த கோயில்களை இடித்தார்கள். ஒன்றல்ல, மூன்று கோயில்கள் இருந்ததாக அவர்களுடைய ஆட்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இடித்த கல்லில் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 1782ஆம் ஆண்டில் மட்டும் ஆங்கிலேயர் ஒருமுறை பிடிக்க, சில மாதத்தில் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல் தங்கள் இளவரசர் பெயரை வைத்தார்கள், பிரெட்றிக் கோட்டை என்று. இவ்வளவு பேரும் சண்டை பிடித்தது கோயிலுக்காக அல்ல, பின்னால் இருக்கும் துறைமுகத்துக்காக. கோயிலில்தான் கல் போயிற்று.

இவ்வளவையும் பிள்ளைகளுக்கு வாசலிலேயே சொல்லிவிடாதீர்கள். நாங்கள் அந்தப் பிழையை விட்டோம். பேத்தி கொட்டாவி விட்டாள். மீனைக் காட்டி, “இந்தக் கல் முதலில் எங்கே இருந்திருக்கும் சொல்லு பார்ப்போம்” என்று மட்டும் கேளுங்கள். மேலே போய்ச் சேரும் வரை அவளே யோசித்துக்கொண்டு வருவாள்.

வாசலுக்கு உள்ளே இராணுவம் இருக்கிறது. காவல் நிலைகளைப் படம் எடுக்கவேண்டாம், வேறு ஒரு தொந்தரவும் இல்லை. மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். அவற்றுக்குக் கச்சான் கொட்டையும் பிஸ்கற்றும் கொடுக்கிறவர்கள் பையையும் சேர்த்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். வழியில் பழைய பங்களா ஒன்று, பின்னாளில் வெலிங்ரன் பிரபு ஆனவர் 1800இல் தங்கியது என்பார்கள். ஒரு நிமிடம் போதும். பின்னர் வீதி ஏறும். மூச்சு வாங்கினால் நில்லுங்கள். ஒரு பக்கம் டச்பே கடல், மறுபக்கம் திறந்த கடல் இரண்டும் மரங்களுக்கிடையில் தெரியும் இடம் ஒன்று வரும். விடுதிப் பிள்ளைகளாய் வரிசையில் வந்தபோது ஆசிரியை “பேசாமல் நட” என்பார். இப்போது பேசிக்கொண்டே நடக்கலாம்.

கடைகள் வந்துவிட்டால் கோயில் கிட்ட என்று அர்த்தம். கடைகளைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் கோயிலுக்குள் போகாமல், இராவணன் வெட்டுப் பக்கம் போய்க் கடலைப் பாருங்கள் என்பது எங்கள் யோசனை. சில அக்காமாருக்கு இது பிடிக்காது என்று தெரியும். சுவாமி கும்பிட முன் வேடிக்கையா என்பீர்கள். காரணம் சொல்கிறோம்.

அந்தப் பாறை விளிம்பில் நின்று செங்குத்தாகக் கீழே பாருங்கள். அந்த நீருக்கு அடியில்தான் பழைய கோயிலின் தூண்களும் கல்லும் கிடக்கின்றன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மூழ்கிப் பார்த்துப் படம் பிடித்தார்கள். அதற்கு முன்னர் 1950இல், மலைக்குக் கிட்டக் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிவந்தன. யாரோ ஒருவர், இடிக்க வருகிறார்கள் என்று தெரிந்த அன்று, அவசரமாகப் புதைத்திருக்கவேண்டும். மூன்று நூற்றாண்டுக்கு மேல் அவை அங்கே இருந்திருக்கின்றன. அதன்பிறகு ஊர் கூடி இப்போது நீங்கள் காணும் கோயிலை எடுத்து, 1963இல் குடமுழுக்குச் செய்தார்கள். ஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடிய தலம் இது. ஆனால் கட்டடம் எங்களில் பலரை விட இளையது அல்லது எங்கள் வயது. கடலைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், மாதுமை அம்பாளின் சந்நிதியில் நிற்கும்போது அந்தச் சின்னக் கோயில் சின்னதாகத் தெரியாது.

பாறையில் ஒல்லாந்தர் காலத்துத் தூண் ஒன்றைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1687ஆம் ஆண்டு ஏப்ரல் 24 என்று திகதியிட்டு, பிரான்சினா வான் றீட் என்ற பெண்ணின் பெயரில் எழுந்தது. காதலன் கப்பலேறிப் போனதால் அவள் குதித்தாள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. ஒல்லாந்தப் பதிவுகளைப் பார்த்தவர்கள், அவள் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தாள், கல்யாணமும் செய்திருந்தாள் என்கிறார்கள். எங்களுக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும். அந்தத் தூணும் பழைய கோயிலினது என்றே நம்பப்படுகிறது.

இறங்கும்போதும் நடந்தே இறங்குங்கள். பிள்ளை வரம் வேண்டி மரத்தில் கட்டியிருக்கும் சின்னத் தொட்டில்களைக் காட்டி, பேத்தி “இது என்ன?” என்றாள். எங்கள் தோழி முதல் தடவையாக அன்று வாயைத் திறந்தாள். “உன்ர அம்மாவுக்காக நான் ஒண்டு கட்டினனான்” என்றாள். மகளுக்கே அது தெரியாது. நாற்பது வருடம் கனடாவில் ஒரு வீட்டில் இருந்தும் சொல்லாத கதை, அந்த இறக்கத்தில் வந்தது. வானில் இறங்கியிருந்தால் ஏழு நிமிடம்.

கீழே வந்ததும் டச்பே கடற்கரையில் பிளேன்ரீயும் இறால் வடையும் சாப்பிட்டு, வெயிலுக்கு முன் வீடு போய்ச் சேருங்கள். முதல் நாள் அவ்வளவுதான். பின்னேரம் வேறு இடம் வைக்கவேண்டாம்.

இரண்டாம் நாள் தம்பலகாமம். “அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று நகரத்துச் சகோதரிகள் அன்றைக்கும் கேட்பார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். உல்லாசப் பயணிகள் கண்டி வீதியால் வரும்போது எங்கள் சந்தியைக் கடந்துதான் திருமலைக்கு வருகிறார்கள். ஒருவரும் இறங்குவதில்லை. ஆனால் நேற்று மலையில் பார்த்ததன் மறுபாதி இங்கே இருக்கிறது. இடிபட்ட கோயிலின் திருவுருவங்களில் சிலவற்றை அடியார்கள் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், கழனிமலையில் மறைத்துப் பூசித்து, பிறகு தம்பலகாமத்தில் கோயில் எடுத்தார்கள் என்பது எங்கள் ஊர் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அதுதான் கோயிற்குடியிருப்பில் உள்ள ஆதிகோணநாயகர் ஆலயம். மலையில் கோயில் இல்லாத அந்த நீண்ட காலம் முழுவதும் கோணநாயகருக்கு விளக்கு எரிந்தது எங்கள் வயல்களுக்கு நடுவில். சுவாமியும் இடம்பெயர்ந்தவர்தான் என்று எங்களில் ஒருத்தியின் அப்பம்மா சொல்லுவா. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நாங்கள் மூட்டை கட்டியபோது அந்த வார்த்தையைத்தான் நினைத்தோம்.

நகரிலிருந்து இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். பஸ்ஸில் வரலாம். 1927இல் போட்ட ரயில் பாதையிலும் வரலாம், எங்கள் ஊருக்கு ஒரு சின்ன நிலையம் இருக்கிறது. வழியில் சீனக்குடாவில் காட்டுக்குள் துருப்பிடித்த எண்ணெய்த் தாங்கிகள் தெரியும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டு போட்ட இடம். ஜன்னலோரச் சீற் பிடித்தால் போதும்.

சந்தியில் இறங்கி உள்வீதியால் நடவுங்கள். இருபுறமும் வயல். ஆவணியில் வந்தால் சிறுபோக அறுவடை, மாசி பங்குனியில் வந்தால் பெரும்போகம். கார்த்திகை மார்கழியில் வருகிறவர்கள் குடையையும், வழுக்காத செருப்பையும் மறக்கவேண்டாம். வாய்க்காலில் ஓடுவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். குளக்கோட்டன் கட்டியது என்று எங்கள் கோணேசர் கல்வெட்டுச் சொல்லும், இரண்டாம் அக்கபோதி மன்னன் காலத்தது என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். எவர் கட்டினாலும் 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை அந்தக் குளக்கட்டு உடைந்ததை இந்தப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். வயதானவர்களோடு பேசும்போது “உடைப்புக்கு முதல்”, “உடைப்புக்குப் பிறகு” என்று காலக்கணக்குச் சொன்னால் அதைத்தான் சொல்கிறார்கள்.

நடக்கும்போது ஊர்ப் பெயர்களைக் கேட்டுக்கொண்டு நடவுங்கள். கள்ளிமேடு, பட்டிமேடு, சிப்பித்திடல். மேடு, திடல் என்று முடிவதைக் கவனித்தீர்களா? வயல் வெளியில் சற்று உயர்ந்த நிலத்தில்தான் வீடு கட்ட முடியும். மழைக்காலத்தில் அவை தீவுகள் மாதிரி நிற்கும். பட்டிமேடு மாட்டுப்பட்டி இருந்த மேடு. சிப்பித்திடல் என்ற பெயரைக் கேட்டதும் தம்பலகாமக் குடாதான் எங்களுக்கு நினைவு வரும். அங்கே கண்ணாடி போல மெல்லிய தட்டைச் சிப்பி உண்டு, அதில் சின்னச் சின்ன முத்தும் விளைந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதைக் குத்தகைக்கு விட்டார்கள், ஆராய்ச்சியும் செய்தார்கள். சிறு வயதில் அந்தச் சிப்பியைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்ப்பது எங்கள் விளையாட்டு.

எங்கள் தோழியின் வளவைத் தேடிப் போனோம். அவளுக்கு வழி தெரியவில்லை. பாதை புதிது, வேலி புதிது, அடையாளம் வைத்திருந்த பனை இல்லை. மூன்று தரம் அதே மதகடியால் போய் வந்தோம். பேத்திக்குக் கால் நோகத் தொடங்கியது. அவள் “நான் பிழையான ஊருக்கு வந்திட்டன் போல” என்று சொல்லி மதகிலே இருந்துவிட்டாள். அப்போது தயிர் கொண்டுபோன வயதான முஸ்லிம் அம்மா ஒருவர், இந்த வெயிலில் இத்தனை பெண்கள் நிற்பதைப் பார்த்து நின்று, “புள்ள, நீங்க ஆர்ர மகள்?” என்றார். தகப்பனார் பெயரைச் சொன்னாள். அவர் தயிர்ச்சட்டியை இறக்கி வைத்தார். “அவரும் எங்கட வாப்பாவும் ஒரு பட்டியிலதான் எருமை வச்சிருந்தாங்க. வாங்க” என்றார்.

நாங்கள் மூன்று தரம் கடந்து போன இடம்தான். வீடு இல்லை. அத்திவாரத்தின் ஒரு மூலை, பற்றைக்குள் கிணறு. கிணற்றுக்கட்டில் சீமெந்து ஈரமாயிருந்தபோது ஒரு பிள்ளை வைத்த கை அடையாளம். தோழி தன் கையை அதன் மேல் வைத்தாள், பொருந்தவில்லை. பேத்தி வைத்தாள், கிட்டத்தட்டப் பொருந்தியது. பேத்தியின் போனில் இப்போது அந்தப் படம் இருக்கிறது. அதில் வான் இல்லை.

ஆகையால் சகோதரிகளே, உங்கள் பழைய வளவைத் தேடிப் போகிறவர்கள் கூகுள் வரைபடத்தை மட்டும் நம்பவேண்டாம். புறப்பட முன் அப்பா, அம்மப்பா பெயர், வயல் துண்டின் பெயர், குளத்தின் பெயர், பக்கத்துக் காணிக்காரரின் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீதியில் நடந்து, ஆறுதலாக நின்று, வயது போனவர்களிடம் கேளுங்கள். அங்கே இப்போது வேறு குடும்பம் இருந்தால் படலைக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள், காணி கேட்க வரவில்லை என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். அவர்களும் எங்கேயாவது இருந்து வந்தவர்களாயிருப்பார்கள். பற்றைக்குள் இறங்க முன் ஊரவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மூடாத கிணறுகள் இருக்கின்றன, பாம்பும் உண்டு.

ஆதிகோணநாயகர் கோயிலுக்குக் காலைப் பூசைக்கே போய்விடுங்கள், மதியத்தில் நடை சாத்தியிருக்கும். அங்கே கடை இல்லை, தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள். வீதிவலம் வரும்போது பிள்ளைக்கு மறுபடி அந்த மீன் கல்லை நினைவுபடுத்துங்கள். எங்கள் பேத்தி அங்கே நின்று, “அப்ப கல்லை அவங்கள் எடுத்தவங்கள், சாமியை இவங்கள் எடுத்தவங்களா?” என்று கேட்டாள். நேற்று வாசலில் கொட்டாவி விட்ட பிள்ளை.

திரும்பும்போது சந்தியில் எருமைத் தயிர் வாங்குங்கள். சட்டியைக் கயிற்றால் கட்டித்தான் தருவார்கள். பஸ்ஸில் தட்டில் வைக்கவேண்டாம், சீனக்குடாத் திருப்பத்தில் கவிழும். மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.